சிலோன் பட்டை பாக்கெட்டில் விளைந்த நாடு குறிப்பிடப்படாதது குறித்துப் புகார்

நுகர்வோர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் இணையக் கடையில் 'சிலோன் பட்டை' 100 கிராம் பாக்கெட் இரண்டு வாங்கினேன். முன்பக்கம் இலங்கை வரைபடம் பெரிதாக இருக்கிறது. பின்பக்கம் 'இந்தியாவில் பேக் செய்யப்பட்டது' என்பதோடு சரி. எந்த நாட்டில் விளைந்தது என்று எங்கும் இல்லை.

ஒரு பாக்கெட்டைப் பிரித்தேன். இலங்கைப் பட்டை காகிதம் போல மெல்லிசு. பல அடுக்காகச் சுருட்டு மாதிரி சுருண்டிருக்கும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும். நீங்கள் அனுப்பியது தடித்த ஒற்றைச் சுருள். சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வரும் காசியா பட்டைதான் அப்படி இருக்கும். காசியாவை நான் குறை சொல்லவில்லை, பிரியாணிக்கு நானும் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் இது அப்பாவுக்கு வாங்கியது. அவர் தினமும் காலையில் பட்டைத் தண்ணீர் குடிக்கிறார். காசியாவில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம். நாள் தவறாமல் உள்ளே போனால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கும். இலங்கைப் பட்டையில் அது மிகமிகக் குறைவு. அதற்காகத்தான் கூடுதல் விலை கொடுத்தேன்.

தொலைபேசியில் கேட்டதற்கு, பார்கோடு 890 என்று தொடங்குவதால் இது இந்தியப் பொருள் என்றார் உங்கள் ஊழியர். அது தவறு. பார்கோடு எண் வழங்கும் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பு வழியாக அந்த எண்ணை வாங்கியிருக்கிறீர்கள் என்பதைத்தான் 890 காட்டும். பட்டை எந்த மரத்தில் உரித்தது என்று அது சொல்லாது. அப்புறம், இந்தியப் பொருள் என்றால் முன்பக்கம் 'சிலோன்' என்று போட்டது எப்படி?

இறக்குமதியான உணவில் அதன் பூர்விக நாட்டைக் குறிப்பிட வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிமுறை. இன்னொரு நாட்டில் பதப்படுத்தி, பொருளின் தன்மையே மாறினால்தான் அந்த நாடு பூர்விக நாடாகும். மூட்டையில் வந்ததைப் பாக்கெட்டில் அடைப்பதால் தன்மை மாறிவிடாது.

'சிலோன் சின்னமன்' என்ற பெயருக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு தந்திருக்கிறது. கத்தி பிடித்துக் கையாலேயே பட்டை உரிக்கும் இலங்கைத் தொழிலாளிகளின் திறமைக்கும் சேர்த்துக் கிடைத்த பெயர் அது. வேறு பட்டைக்கு அதைப் போடுவது அவர்களுக்கும் செய்கிற அநியாயம்.

இந்தத் தொகுதிச் சரக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். இரண்டு பாக்கெட்டின் பணத்தையும் திருப்பித் தாருங்கள். லேபிளிலும் இணையப் பக்கத்திலும் நாட்டின் பெயரைச் சேர்க்கும்வரை விற்பனையை நிறுத்துங்கள். பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன்.

ரசீதும் படங்களும் இணைத்திருக்கிறேன். பிரிக்காத இன்னொரு பாக்கெட் என்னிடம் இருக்கிறது. பரிசோதனைக்கு வேண்டுமென்றால் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை