பெட்டியின் மேல் அலைவரிசையை அச்சிட வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு இணையத்தின் வேகம் குறித்து வாசகர்கள் அவ்வப்போது எழுதும் புகார்களில் பழி பெரும்பாலும் இணைய நிறுவனத்தின் மீதே விழுகிறது. நாங்களும் நான்கு மாதங்களாக அப்படித்தான் நினைத்திருந்தோம். மாலை ஏழு மணியானால் எங்கள் வைஃபை படுத்துவிடும். இரவு பத்தரைக்கு மேல் தானாகவே எழுந்துகொள்ளும். நிறுவனத்தின் பணியாளர் மூன்று முறை வந்து, ஃபைபர் இழையைச் சோதித்து, ரௌட்டரிலிருந்து மடிக்கணினிக்கு நேரடியாகக் கேபிள் போட்டு, வேகம் குறையவில்லை என்று காட்டிவிட்டுப் போனார். அவர் காட்டியது உண்மைதான், நாங்கள்தான் நம்பவில்லை. நான்கு ஆண்டெனா உள்ள புதிய ரௌட்டர் ஒன்றையும் வாங்கிப் பணத்தை வீணாக்கினோம்.

ஒருநாள் மாலை தெரு முழுவதும் மின்சாரம் போனது. இன்வெர்ட்டரில் ஓடிய எங்கள் ரௌட்டர் அந்த ஒரு மணி நேரமும் மிக நன்றாக வேலை செய்தது. மின்சாரம் திரும்பியதும் பழைய கதைதான். அதன் பிறகே கீழ்த்தளத்தில் விசாரித்தோம். அங்கே குடியிருப்பவர், கூடத்திலுள்ள ஒரே செட்டாப் பாக்ஸின் படத்தைப் படுக்கையறைத் தொலைக்காட்சிக்கும் கொண்டுசெல்ல, கம்பியில்லா வீடியோ டிரான்ஸ்மிட்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தார். சீரியல்கள் தொடங்கும் நேரத்தில் போடப்படும் அது, வீட்டார் உறங்கச் செல்லும்போதுதான் அணைக்கப்படும். அவருக்கும் ஒரு குறை இருந்தது: நாங்கள் பெரிய கோப்பு எதையாவது பதிவிறக்கும் நேரங்களில் அவருடைய படுக்கையறைத் திரையில் புள்ளிகளும் கோடுகளும் ஓடியிருக்கின்றன. செட்டாப் பாக்ஸில்தான் கோளாறு என்று எண்ணி அதை ஒருமுறை மாற்றியும் விட்டாராம்.

2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையில், வரையறுத்த ஆற்றலுக்குள் இயங்கும் கருவிகளுக்குத் தனி உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு 2005-இல் அறிவித்தது. வைஃபை, புளூடூத், கம்பியில்லா கேமராக்கள், இத்தகைய டிரான்ஸ்மிட்டர்கள் எனப் பலவும் இந்த 83.5 மெகாஹெர்ட்ஸுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இயங்குகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் 2,450-ஐ ஒட்டியே வேலை செய்கிறது. ஆயினும் நெரிசலைவிட, அங்கே கூடியிருக்கும் கருவிகளின் குணம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததே பெரிய சிக்கல். வைஃபை கருவி ஒவ்வொரு முறையும் அனுப்புவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும், வேறு அலை இருந்தால் காத்திருக்கும், தகவலைச் சிறு பொட்டலங்களாக அனுப்பிவிட்டு மற்றவற்றுக்கு இடம் விடும். அதனால்தான் ஒரே அடுக்ககத்தில் இருபது ரௌட்டர்கள் இருந்தாலும் எல்லா வீடுகளிலும் இணையம் ஓரளவு ஓடுகிறது. அனலாக் வீடியோ டிரான்ஸ்மிட்டருக்கோ அந்தப் பழக்கமே கிடையாது. யார் கேட்கிறார்கள், யார் காத்திருக்கிறார்கள் என்று பாராமல், ஏறத்தாழ ஒரு வைஃபை சேனலின் (அலைக்கற்றைக்குள் ஒரு ரௌட்டர் பிடித்துக்கொள்ளும் பகுதியின்) அகலத்துக்கு, நொடியும் இடைவெளியின்றி அது அலைபரப்பிக்கொண்டே இருக்கும். ஆடி மாதக் குழாய் ஒலிபெருக்கி ஓயட்டும், பிறகு பேசலாம் என்று வாய்மூடி நிற்பவரின் நிலைதான் பக்கத்தில் இருக்கும் ரௌட்டருக்கு. டிரான்ஸ்மிட்டரின் ஆற்றல் சிறிதாக இருந்தாலும், நடுவில் ஒரு தளம் மட்டுமே இருக்கும்போது தொல்லை கொடுக்க அது போதும்.

கைபேசியில் வைஃபை நெரிசலைக் காட்டும் செயலிகளும் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகின்றன. அவை அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் அறிவிக்கும் பெயர்களைப் பட்டியலிடுகின்றனவே தவிர, பெயரை அறிவிக்காத அனலாக் அலையை அவற்றால் காட்ட முடிவதில்லை. 6-ஆம் சேனல் காலியாக இருக்கிறது என்று எங்கள் செயலி பரிந்துரைத்தது. நாங்களும் நம்பி அங்கே போய் அமர்ந்தோம்.

கீழ்வீட்டுக் கருவியின் அடியில் ஒன்று முதல் நான்கு வரை எண்ணிட்ட ஒரு சிறிய சுவிட்சு இருந்தது; அது இரண்டில் நின்றது. இவ்வகைக் கருவிகளில் அந்த எண்கள் வழக்கமாக 2,414, 2,432, 2,450, 2,468 மெகாஹெர்ட்ஸைக் குறிக்கும். வைஃபையில் 1, 6, 11 ஆகிய சேனல்களின் நடுப்புள்ளிகள் 2,412, 2,437, 2,462. ஆக, அவருடைய 2-ஆம் எண் எங்கள் 6-ஆம் சேனலின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அவர் சுவிட்சை நான்குக்குத் தள்ளினார்; நாங்கள் ரௌட்டரை 6-இலிருந்து 1-ஆம் சேனலுக்கு மாற்றினோம். அன்று மாலையே இரண்டு வீடுகளிலும் தொல்லை நின்றது. செலவு ஒன்றுமில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் (அதாவது 2,400 மெகாஹெர்ட்ஸ்), 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் இயங்கும் இரட்டை அலைவரிசை ரௌட்டர் வைத்திருப்பவர்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறியும் தப்பிக்கலாம். ஆனால் அந்த அலை சுவரைக் கடக்கையில் அதிகம் தேய்ந்துவிடும் என்பதோடு, 5.8 கிகாஹெர்ட்ஸில் படம் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்களும் டிரோன்களும் விற்பனையில் இருக்கின்றன. இடம் மாறாத கேமராவுக்கும் தொலைக்காட்சிக்கும் கேபிள் இழுப்பதே என் எண்ணத்தில் சிறந்த வழி.

இதில் சட்டத்தின் துணையும் அதிகம் கிடையாது. உரிமம் தேவையில்லாத இந்த அலைக்கற்றையில் எந்தக் கருவியும் பிறருடைய இடையூறிலிருந்து பாதுகாப்புக் கோர முடியாது என்பது அந்த அனுமதியின் நிபந்தனைகளுள் ஒன்று. முறையான ஒப்புதலும் வரம்புக்குட்பட்ட ஆற்றலும் உடைய கருவியை அண்டைவீட்டார் பயன்படுத்தினால், அவர்மீது நாம் குறைசொல்ல இடமில்லை. அப்படியானால் எஞ்சியிருப்பது தகவல் ஒன்றுதான். அந்தத் தகவல் வாங்குபவருக்குக் கிடைப்பதில்லை. கீழ்வீட்டுக் கருவியின் பெட்டியில் ‘2.4 ஜி’ என்று மட்டுமே இருந்தது. எந்த எண் எந்த அலைவரிசை என்பதோ, ஆற்றல் எவ்வளவு என்பதோ, தொலைத்தொடர்புத் துறையின் கருவி வகை ஒப்புதல் எண்ணோ அதில் இல்லை. விற்ற கடைக்காரருக்கும் தெரியவில்லை. ‘ஒயர் வேண்டாம் சார்’ என்பதே அவர் தந்த ஒரே விளக்கமாம்.

எனவே, இத்தகைய கருவிகளின் பெட்டியிலும் இணையவழி விற்பனைப் பக்கங்களிலும் ஒவ்வொரு சேனலின் அலைவரிசையையும், ஆற்றலையும், ஒப்புதல் எண்ணையும் அச்சிடுவதைத் தொலைத்தொடர்புத் துறை கட்டாயமாக்கி, அவை இல்லாத சரக்கை விற்பனையிலிருந்து அகற்ற வேண்டும். வேகம் குறைகிறது என்ற புகாருக்காக வீடு தேடி வரும் பணியாளர்கள், கேபிளில் வேகம் சரியாக இருப்பதைக் கண்டதும், மேலும் கீழும் பக்கத்திலும் கம்பியில்லா கேமராவோ வீடியோ டிரான்ஸ்மிட்டரோ இருக்கிறதா என்று கேட்பதை இணைய நிறுவனங்கள் அவர்களுடைய வழக்கமான சோதனையில் சேர்க்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மதுரை வாசகர் ஒருவர்