டாப் வேரியன்ட் காரின் உண்மையான எடையை மறைத்தது குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்

பொருள்: பிரோஷரில் உள்ள எடைக்கும் வண்டியின் எடைக்கும் 110 கிலோ வித்தியாசம், பிக்கப், சஸ்பென்ஷன், சுமை வரம்பு பாதிப்பு

ஐயா/அம்மையீர்,

என் டாப் வேரியன்ட் காரில் பிக்கப் குறைவு என்று கொடுத்த புகாரை, "ஸ்கேன் செய்தோம், ஃபால்ட் கோடு எதுவும் இல்லை" என்று எழுதி உங்கள் சர்வீஸ் சென்டர் முடித்துவிட்டது. அவர்கள் சொல்வது சரிதான். இன்ஜினில் கோளாறு இல்லை, பிரோஷரில்தான் இருக்கிறது.

எல்லா வேரியன்ட்டுக்கும் கர்ப் வெயிட் (ஆளும் சாமானும் ஏறாத வண்டியின் எடை) 1,180 கிலோ என்று ஒரே எண்ணை அச்சிட்டிருக்கிறீர்கள். டேங்க் நிரப்பி, ஆளில்லாமல் வேபிரிட்ஜில் (வண்டி எடை மேடை) ஏற்றினால் டாப் வேரியன்ட் 1,290 காட்டுகிறது. மேடை 5 கிலோ முன்னே பின்னே காட்டலாம், 110 கிலோ காட்டாது. காலி டேங்கோடு எடுத்த எடை என்பீர்களானால், 45 லிட்டர் பெட்ரோல் சுமார் 34 கிலோதான். மீதி 76 கிலோ கண்ணாடிக் கூரையிலும் மின்சார சீட்டிலும் பெரிய வீலிலும் இருக்கிறது.

ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்த்தால் 1,255-க்குப் பதில் 1,365. ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதல். இழுவிசை மாறாதபோது எடை கூடிய அளவுக்கு வேகமெடுப்பது குறையும். நீங்கள் சொல்லும் 0–100 கி.மீ. வேக நேரம் 10.8 நொடி இந்த வண்டியில் 11.5-ஐத் தாண்டும். டாப் ஸ்பீடு அவ்வளவாகக் குறையாது, அங்கே தடுப்பது காற்று. ஓவர்டேக்கிலும் ஏற்றத்திலும்தான் அடி விழுகிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்போர்ட் மோடு போடச் சொன்னார்கள். அது ஆக்சிலரேட்டரின் பதிலையும் கியர் மாறும் நேரத்தையும் மாற்றும், குதிரைத்திறனைக் கூட்டாது.

எடை எங்கே ஏறியது என்பதும் முக்கியம். 16 அங்குல வீல், டயரோடு 17.5 கிலோ, 18 அங்குலம் 21 கிலோ. நான்குக்கும் 14 கிலோ. ஆனால் விளிம்பில் சுழலும் எடையை முன்னே தள்ளுவதோடு சுழற்றவும் வேண்டும் என்பதால், வேகமெடுக்கும்போது அது கிட்டத்தட்ட இரு மடங்காகக் கணக்காகும். போதாததற்கு இது ஸ்பிரிங்குக்குக் கீழே, வீலோடு சேர்ந்து ஏறி இறங்கும் எடை. சிறு பள்ளத்தில் இறங்கிய வீல் திரும்பி அமர்வதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடுகிறது. ஸ்டியரிங்கில் அதிர்வு தெரிகிறது. கூரைக் கண்ணாடியோ எடையின் மையத்தை மேலே தூக்கி, வளைவில் வண்டி பக்கவாட்டில் சாய்வதை (பாடி ரோல்) கூட்டுகிறது.

இத்தனைக்கும் பேஸ் வேரியன்ட்டில் உள்ள அதே பின் ஸ்பிரிங், அதே பார்ட் நம்பர்! நாலு பேர் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து, வேகத்தடையில் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் இறங்கும் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பு) இடிக்கிறது. ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பது தீர்வல்ல. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்.

பிக்கப்பையாவது பொறுத்துக்கொள்ளலாம். இதை முடியாது: கதவுத் தூணில் ஒட்டிய தகட்டில் மொத்த எடை வரம்பு (வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து) 1,650 கிலோ. பிரோஷர்படி 470 கிலோ ஏற்றலாம், உண்மையில் 360தான். ஆளுக்கு 75 கிலோ என்றால் ஐந்து பேரே 375. ஒரு பெட்டிகூட வைக்காமல் ஐந்து சீட் கார் வரம்பை மீறுகிறது. டயர் அழுத்த ஸ்டிக்கரையும் எந்த எடைக்குப் போட்டீர்கள்?

வேரியன்ட் வாரியாக எடையையும், அது டேங்க் நிரப்பியதா, ஓட்டுநரோடா என்பதையும் எழுத்தில் தாருங்கள். 10.8 நொடி எந்த வேரியன்ட்டில், எத்தனை கிலோவோடு அளந்தது என்றும் சொல்லுங்கள். இந்த எடைக்கு ஏற்ற பின் ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரும் வாரன்டியில் மாற்றப்பட வேண்டும். விரும்புவோருக்கு 18 அங்குல வீலுக்குப் பதில் 16 அங்குல செட்டைக் கட்டணமின்றித் தர வேண்டும். சுமை வரம்பைச் சரிசெய்ய ஸ்டிக்கரை மட்டும் மாற்றுவதை ஏற்க மாட்டேன்.

30 நாளுக்குள் எழுத்துப்பூர்வ பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன்.

இணைப்பு: வேபிரிட்ஜ் ரசீது, தகட்டின் படம், பிரோஷர் பக்கம், ஸ்பிரிங் பார்ட் நம்பர் படம்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்