பல்செட் பழக உதவியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும், வணக்கம்.

பல்செட் மாட்டியதற்கெல்லாம் ஒரு நன்றி மடலா என்று என் மகனே கேட்டான். முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்டவர், கண்ணில் லென்ஸ் வைத்துக்கொண்டவர் எல்லாம் தெருவுக்கே சொல்லிவிடுகிறார்கள். பல்செட்டை மட்டும் கைக்குட்டைக்குள் மறைத்துவிடுகிறோம். அதனால்தான் புதிதாக மாட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களைப் பற்றி எழுதாமல் விட்டால் நன்றாக இருக்காது.

முதலில், சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி. சர்க்கரையும் ஈறு நோயும் சேர்ந்து என் பற்களை ஒவ்வொன்றாக ஆட்டிவிட்டிருந்தன. மிச்சம் இருந்ததையும் எடுத்த பிறகு, ஈறு ஆறட்டும் என்று சில மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். பல்லை எடுத்த அன்றே செட் மாட்டிவிடும் முறையும் உண்டாம். ஆனால் ஈறு வற்ற வற்ற அது தொளதொளத்துப் போகும், அடியில் திரும்பவும் பூசிச் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று விளக்கினார்கள். நான் காத்திருந்தேன். அந்த மாதங்களில் என் பொக்கை வாயால் பேரன் பேத்திகளுக்கு நன்றாகப் பொழுது போனது.

அச்சு எடுத்த டாக்டரம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. அங்கேயே மேல்படிப்பு படிக்கும் பெண், என் மகளைவிட இளையவர். முதலில் ஒரு அச்சு எடுத்து, அதை வைத்து என் வாய்க்கென்றே ஒரு தட்டு செய்து, அதன் ஓரத்தில் மெழுகு மாதிரி ஒரு குச்சியைச் சூட்டில் உருக்கி ஒட்டி, கன்னத்தையும் உதட்டையும் இழுத்து இழுத்து வடிவம் கொண்டுவந்தார். பிறகு கிராம்பு வாசனை அடிக்கும் பசையில் இரண்டாவது அச்சு. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவர் அவசரப்படவே இல்லை. "ஐயா, மூக்கால மூச்சு விடுங்க, தலையைக் கொஞ்சம் முன்னால சாய்ங்க, கால் கட்டைவிரலை ஆட்டிக்கிட்டே இருங்க" என்றார். கால் விரலுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்? கவனம் திரும்பினால் குமட்டல் அடங்கும், அவ்வளவுதானாம். அடங்கியது.

மெழுகில் பல்லைப் பதித்து வாயில் வைத்துப் பார்க்கிற நாளில், வீட்டு ஆள் ஒருவரும் பழைய போட்டோவும் வேண்டும் என்றார். என்னிடம் இருந்தது பஸ் கண்டக்டர் அடையாள அட்டைதான். அதைப் பார்த்து முன்பல் ஒன்றை லேசாகத் திருப்பி வைத்தார். பளீரென்று இருந்த நிறத்தை என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "பேஸ்ட் விளம்பரத்துக்கா போறார்?" என்றாள். நிறம் ஒரு படி இறங்கியது. இன்று யாரும் என் வாயைப் பார்த்து 'செட்டா?' என்று கேட்காததற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

மாட்டிய பிறகு பேச்சு வரவில்லை. அண்ணத்தை மூடிக்கொண்டு ஒரு தகடு இருக்கிறது, முன்னால் புதுப் பல் இருக்கிறது, நாக்கு எங்கே போய் முட்டும்? சத்தமாகப் படித்துப் பழகுங்கள் என்றார் டாக்டரம்மா. பேப்பர் படித்தால் எனக்குத் தூக்கம் வரும். அதனால் எனக்கு மனப்பாடமான பஸ் ஸ்டாப்பிங் பெயர்களை எடுத்துக்கொண்டேன்: பாரிமுனை, சென்ட்ரல், சிம்சன், எல்.ஐ.சி., ஸ்பென்சர், ஜெமினி, தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை, சின்னமலை, கிண்டி என்று தாம்பரம் வரைக்கும். 'சைதாப்பேட்டை' சீக்கிரம் வந்துவிட்டது. 'ஸ்பென்சர்' மட்டும் ரொம்ப நாள் விசிலோடுதான் வந்தது. காலையில் மொட்டை மாடியில் நின்று நான் ஸ்டாப்பிங் பெயர் கத்தியதைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இங்கேயே நன்றி.

எல்லாரையும்விட நான் கடன்பட்டிருப்பது மாடி வீட்டு அக்காவுக்கு. பல வருஷமாக அவருக்குப் பல்செட் என்பதே எங்களுக்குத் தெரியாது. கீழ்செட் மிதக்கிறது, சாப்பிட்டால் எழும்புகிறது, டப்பாவிலேயே போட்டுவிடலாம் என்று நான் புலம்பியதைக் கேட்டு இறங்கி வந்தார். என் எதிரே உட்கார்ந்து தன் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். யாருக்கு வரும் அந்த மனசு?

"தம்பி, மேலே இருக்கிறது அண்ணத்தோட ஒட்டிப் பிடிச்சுக்கும். கீழே அப்படி இடம் ஏது, நடுவுல நாக்கு இருக்கே. மேல்செட் மாதிரி கீழ்செட் நிக்கும்னு எதிர்பார்க்காதே" என்றார். நாக்கைப் பின்னால் சுருட்டாமல் நுனி கீழ் முன்பல்லைத் தொட்டபடி வைத்தால், அந்த நாக்கே செட்டை அமுக்கிப் பிடிக்கும் என்று காட்டினார். ஒரு பக்கமாக மென்றால் மறுபக்கம் எழும்பும். அதனால் இட்லியை இரண்டாகக் கிள்ளி இரண்டு கடைவாயிலும் வைத்து மெல்ல வேண்டும். முன்பல்லால் கடித்து இழுக்கக் கூடாது. மேல்செட் கழற்ற வரவில்லையா, வாயை மூடிக் கன்னத்தை உப்பினால் பிடி விட்டுவிடும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டால் கை நழுவினாலும் உடையாது. வெந்நீர் மட்டும் ஆகவே ஆகாது, வளைந்துவிடும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு ஈறுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். டாக்டரம்மாவும் இதில் பாதியைச் சொல்லியிருந்தார்தான். ஆனால் இன்னொரு வாயில் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தியில் ஏறியது.

மனைவிக்கு நன்றி சொன்னால் சிரிப்பாள். இருந்தாலும் சொல்கிறேன். குழைந்த சாதம், கீரை மசியல், முருங்கைக்காயை வழித்தெடுத்த சதை, பிறகு கொத்துக்கறி என்று ஒவ்வொரு படியாக ஏற்றினாள். காபியை ஆற்றித்தான் கொடுத்தாள். அண்ணம் மூடியிருப்பதால் வாயில் சூடு தெரிவதில்லை, தொண்டையில் இறங்கும்போதுதான் சுடுகிறது. ஆரம்பத்தில் எச்சில் வேறு குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஊறியது. வாய் செட்டைச் சாப்பாடு என்று நினைத்துக்கொள்கிறதாம். துப்பாமல் விழுங்கச் சொன்னார்கள். தானாகவே குறைந்தது.

டீக்கடை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. "கண்டக்டரே, பல்லுக்கு டிக்கெட் வாங்கியாச்சா?" என்று கேட்டவர் யார் என்று அவருக்கே தெரியும். நான் சிரித்த சிரிப்பில் மேல்செட் இறங்கிவிட்டது. ஒரு நொடி யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு நானே முதலில் சிரித்தேன். அன்றிலிருந்து வெட்கம் போனது. டீ மாஸ்டர் பன்னைத் துண்டு துண்டாக வெட்டித் தட்டில் வைப்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகவே செய்கிறார்.

சொந்தப் பல்லின் பலத்தில் கால்பங்குக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்று கல்லூரியில் சொன்னது உண்மைதான். முறுக்கும் வேர்க்கடலையும் எனக்கு இனி இல்லை. கொய்யா விதை ஒன்று அடியில் போய்விட்டால் உயிர் போகிறது. அது போகட்டும், கல்யாணப் பந்தியில் முழு இலைச் சாப்பாட்டை உட்கார்ந்து முடித்துவிட்டேன்.

டாக்டரம்மா, கீழ்செட்டில் இடது ஓரம் ஒரு இடத்தில் இன்னும் உரசுகிறது. நீங்கள் சொன்னபடி நானாக அரத்தை எடுக்கவில்லை. வலிக்கிறதே என்று கழற்றி வைத்துவிட்டு வந்தால் புண் எங்கே என்று தெரியாமல் போகும் என்றீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மாட்டிக்கொண்டு வருகிறேன். உரசும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அந்த வெள்ளைப் பசையைத் தடவிப் பார்த்துக் கொஞ்சம் தேய்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர்,
குரோம்பேட்டை