சிகாகோவிலிருந்து சுந்தரத்துக்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சின்னவளைக் கூட்டிக்கொண்டு கல்லூரிகள் பார்க்கக் கிழக்குப் பக்கம் போயிருந்தோம், அதனால்தான் தாமதம். கடைசியாகப் பார்த்தது நியூ ஹேவனில் யேல். அவளுக்கு அந்த நூலகத்தை விட்டு வெளியே வரவே மனமில்லை. இடம் கிடைக்குமா என்பதை அப்புறம் பார்ப்போம். கோமதிக்கு முழங்கால் இப்போது பரவாயில்லை, படி ஏறுகிறாள். உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று படித்ததும் எங்களுக்கு நிம்மதி.

சரி, பீட்சாவுக்கு வருகிறேன். "உங்கள் ஊரில் தருவது பீட்சாவே இல்லை, முள்கரண்டியும் கத்தியும் வைத்துச் சாப்பிடுகிற பண்டம்" என்று எழுதியிருக்கிறாய். இருபது வருடம் நியூ ஜெர்சியில் இருந்து நீ முழு நியூயார்க்காரனாகவே ஆகிவிட்டாய். ஆனால் நீ திட்டுவது நாங்கள் வாராவாரம் சாப்பிடுகிற பீட்சாவை அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ சொல்வது டீப் டிஷ். ஐக் செவெல், ரிக் ரிக்கார்டோ இருவரும் 1943 இல் தொடங்கிய பிட்சேரியா ஊனோவிலிருந்து வந்தது. சமையல்கட்டில் முதலில் அதைச் செய்தது யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆழமான தட்டில் மாவைப் பரப்பி, அடியில் சீஸ், அதன்மேல் இறைச்சி, எல்லாவற்றுக்கும் மேலே தக்காளி. ஏன் தலைகீழ் என்று நீ கேட்டிருந்தாய். அது வேக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் சீஸ் மேலே இருந்தால் தீய்ந்துபோகும். அதனால் தக்காளி மேலே. யோசித்துச் செய்த சமையல் அது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஊரிலிருந்து விருந்தாளி வந்தால்தான் நாங்கள் அந்தப் பக்கம் போவோம். அப்புறம், முள்கரண்டி என்று எங்களைச் சொல்கிறாயே, அப்போது நியூயார்க் மேயராக இருந்த பில் டி பிளாசியோ 2014 இல் ஸ்டேட்டன் ஐலண்டில் பீட்சாவை முள்கரண்டியால் சாப்பிட்டு மாட்டிக்கொண்டார். தன் மூதாதையர் ஊரில் அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று அவர் சொன்னது நினைவிருக்கிறதா?

எங்கள் பீட்சா டேவர்ன் பீட்சா. தெற்குப் பக்கத்து மதுக்கடைகளில் வேலை முடிந்து வரும் தொழிலாளிகளுக்குக் குடியோடு கொறிக்கக் கொடுத்தது. தட்டு கிடையாது, காகிதத் துவாலையில் வைத்து நீட்டுவார்கள். அதனால்தான் முக்கோணமாக வெட்டாமல் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டுகிறார்கள். ஒரு கையில் கிளாஸ், இன்னொரு கையில் ஒரு சதுரம். மாவை அப்பளம் மாதிரி மெல்லிசாகத் தேய்த்திருப்பார்கள், கடித்தால் சத்தம் கேட்க வேண்டும். மேலே போடும் சாசேஜில் சோம்பு வாசனை தூக்கலாக இருக்கும். வட்டத்தைச் சதுரமாக வெட்டினால் ஓரத்தில் நாலு குட்டி முக்கோணம் மிஞ்சும் இல்லையா, எங்கள் வீட்டில் சண்டையே அந்த நாலுக்குத்தான். பெரியவன் பெட்டியைத் திறந்ததும் முதலில் அதைத்தான் எடுப்பான்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நியூ ஹேவனில் சாப்பிட்டபிறகு, உன் ஊரும் என் ஊரும் முதலிடத்துக்குப் போட்டி போடுவதில் எனக்கு இனி நம்பிக்கை இல்லை.

வூஸ்டர் தெருவில் ஃபிராங்க் பெப்பேயின் கடை, 1925 இல் தொடங்கியது. நாங்கள் போன சனிக்கிழமை வாசலில் வரிசை தெரு வரைக்கும் நின்றது. உள்ளே வெள்ளை ஓடு பதித்த நிலக்கரி அடுப்பு. அடுப்புக்காரர் பிடித்திருந்த மரத்துடுப்பு ஆளைவிட நீளம். அதைத் தணலுக்குள் விட்டு, ஒரு பீட்சாவை அரைவட்டம் சுழற்றி, இன்னொன்றை ஓரத்துக்குத் தள்ளினார். அவ்வளவு நீளத் துடுப்பு ஒரு தடவைகூட எதிலும் இடிக்கவில்லை. மேஜைக்கு வந்தது வட்டமும் இல்லை, நீள்வட்டமும் இல்லை. தகரத் தட்டில் காகிதம் விரித்து அப்படியே வைத்தார்கள். ஓரமெல்லாம் கறுப்பு. கருகிவிட்டது, மாற்றித் தரச் சொல்லுங்கள் என்றாள் கோமதி. பக்கத்து மேஜைப் பெரியவர் சிரித்துக்கொண்டே, "முதலில் கடித்துப் பாருங்கள்" என்றார். நிலக்கரியின் சூடு வறண்ட சூடு, ஈரம் சேராது. அதனால் மேல்பக்கம் மொறுமொறுவென்று இருந்தாலும் உள்ளே இழுவை போகவில்லை. அந்தக் கறுப்பில் ஒரு லேசான கசப்பு, உடனே தக்காளியின் இனிப்பு. சாப்பிட்டு முடித்தபோது விரல் நுனியெல்லாம் கரி.

அங்கே வெறும் பீட்சா கேட்டால் தக்காளியும் துருவிய சீஸும்தான். மொட்ஸரெல்லா சீஸ் வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளூர்க்காரர்கள் அதைப் பீட்சா என்றே சொல்வதில்லை, "அபீட்ஸ்" என்கிறார்கள், நேபிள்ஸ் பேச்சுவழக்கு. இன்னொன்று மட்டி பீட்சா. தக்காளியே கிடையாது. மட்டிச் சதை, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், துருவிய சீஸ். தூத்துக்குடிக்காரன் நான், மட்டியைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பும் கடல் வாசனையும் அப்படியே இருந்தன. கண்ணை மூடிக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

அதே தெருவில் பெப்பேயின் அக்கா தங்கை மகன் சால்வடோர் கான்சிக்லியோ 1938 இல் போட்ட சாலீஸ் கடையும் இருக்கிறது. மாமன் கடையா மருமகன் கடையா என்று அந்த ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஆனால் வெளியூர்க்காரன் யாராவது வாய் திறந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். ஹாஸ்டலில் நீயும் நானும் பரோட்டாவுக்கு அப்படித்தானே இருந்தோம்?

திரும்பி வரும்போது டெட்ராய்ட்டில் ஒரு இரவு தங்கினோம். அங்கே கார் தொழிற்சாலைகளில் உதிரிபாகம் வைத்திருந்த எஃகுத் தட்டில் சுட ஆரம்பித்த பீட்சா, 1946 இல் பட்டீஸ் கடையில். விஸ்கான்சின் பிரிக் சீஸைத் தட்டின் ஓரம் வரைக்கும் போடுவதால் விளிம்பு முறுகலாகச் சுட்டு வருகிறது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது.

உன் பக்கத்தையும் சொல்கிறேன். நடுவில் மடித்து, எண்ணெய் சொட்டச் சொட்ட நடந்துகொண்டே சாப்பிடுகிற துண்டு நியூயார்க்கில் கிடைப்பதுபோல வேறெங்கும் இல்லை. அவசர வேலைக்காரன் கையில் காசுக்கு உடனே கிடைக்கிற சாப்பாடு அது. தண்ணீரால்தான் அந்த ருசி என்கிறாயே, அதைமட்டும் நான் ஏற்க மாட்டேன். மாவை எவ்வளவு நேரம் புளிக்க விடுகிறார்கள், அடுப்பு எவ்வளவு சூடு, அதில்தான் எல்லாம் இருக்கிறது.

அக்டோபரில் உனக்கு நாலு நாள் லீவு இருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்கே வந்து இறங்கு. பெட்டியை வீட்டில்கூட வைக்க வேண்டாம், நேரே தெற்குப் பக்கம் கூட்டிப்போகிறேன். ஓரத்து முக்கோணம் நாலும் உனக்கு, பெரியவனிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல்.

அன்புடன்,
ரவி