இருபது பாகைக் கூதல்

மாங்குளம், வன்னி, இலங்கை
தை மாதம்

அன்பின் மச்சான்,

நாங்கள் நலம். நீயும் வீட்டில் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்த அன்று இரவே எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நீ லண்டனில் பழகுநருக்கான 'எல்' பலகை கட்டிக்கொண்டு 125 சிசி மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் இடம் வந்ததும் அம்மா சிரித்த சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. பன்னிரண்டு வயதில் கால் நிலத்தில் எட்டாமலே அப்பாவின் ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை ஓட்டித் திரிந்தவனுக்கு, ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு நாள் பயிற்சி கொடுத்து, அதுவும் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்று துண்டும் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, சண்டைக்கு வருகிறேன். "இருபது பாகைக்கெல்லாம் ஜக்கெற் போடுகிறீர்களா?" என்று கேட்டிருந்தாய். சுழியம் பாகையில் 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் உடம்புக்கு மைனஸ் 9 மாதிரி இருக்கும் என்று நீ எழுதிய கணக்கை மகள் தன் போனில் போட்டுப் பார்த்தாள். சரிதான். ஆனால் அந்தச் சூத்திரம் 10 பாகைக்குக் கீழேதான் செல்லுமாம். அப்படியென்றால் வன்னிக்கு அதில் இடமே இல்லை. நனைந்த சேட்டுக்கும் அதில் கணக்கில்லை. நீ வாகனத்தை எடுக்கும்போது உடம்பு காய்ந்திருக்கிறது. நான் படலையைத் தாண்டும்போதே பாதி நனைந்துவிடுவேன். தண்ணீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாகச் சூட்டை இழுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதை எனக்குப் புரிய வைத்தது இந்தப் பால் வேலைதான்.

நான் இப்போது பால் எடுக்கிறேன். முன்பு சொன்னேனோ தெரியாது. விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு பக்கம் வீடு வீடாகப் போய், ஒட்டுசுட்டான் வரை ஒரு சுற்று. வாகனத்தின் பின்னால் இரண்டு பக்கமும் அலுமினியப் பால் கான். மழையோ பனியோ மாட்டுக்கு லீவு இல்லை, ஆகவே எனக்கும் இல்லை. மார்கழியில் மழைக்கோட்டு போட்டாலும் கழுத்தால் ஒரு கோடு தண்ணீர் இறங்கி நெஞ்சு வரை வரும். அதன்மேல் காற்று அடிக்கும்போது விரல் முதலில் விறைக்கும், பிறகு முழங்கால். கிளச்சைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும். சேட்டுக்குள் பழைய பேப்பரை நாலாக மடித்து வைப்பேன். அது காற்றை மறிக்கும். கையில் சொப்பிங் பை, அதன்மேல் கம்பளிக் கையுறை, அதன்மேல் இன்னொரு சொப்பிங் பை. பார்க்க வடிவில்லை. மின்சாரத்தில் சூடேறும் உன் கையுறைக்கு இங்கே வாகனத்தின் பற்றறி தாங்காது, தாங்கினாலும் ஒரு மழையோடு அது முடிந்துவிடும்.

திரும்பி வரும்போதுதான் சுகம். கறந்த பால் மாட்டின் உடம்புச் சூட்டோடு கானுக்குள் இருக்கும். கால் பின்பக்கம் இரண்டு கானிலும் பட, கெண்டைக்கால் வரை சூடு ஏறும். படலையில் நிற்கிற நேரத்தில் இரண்டு கையையும் கானில் வைத்துவிட்டு நிற்பேன். குளிரூட்டும் நிலையத்தில் அதை 4 பாகைக்குக் கொண்டு போய்விடுவார்கள், அதற்குள் எனக்குக் கிடைப்பது கிடைக்கட்டும். இந்தக் கூதல் காலத்தில் பால் பழுதாகும் பயம் குறைவு. ஆனால் பாலில் தண்ணீர் கலந்ததா என்று பார்க்கும் லக்டோமீற்றர் ஏமாற்றும். பால் குளிரக் குளிர அடர்த்தி கூடி, மிதப்பான் உயர்ந்து நிற்கும். வெப்பநிலையைப் பார்த்துக் கழிக்காவிட்டால் தண்ணீர் கலந்த பாலும் நல்ல பாலாகத் தெரியும். இது தெரிந்த சிலர் வேண்டுமென்றே ஆறவைத்துத் தருவார்கள். ஊர் பேர் எழுத மாட்டேன், உன் சொந்தக்காரரும் அதில் இருக்கலாம்.

இருபது பாகை என்ன செய்யும் என்று கேட்டாய் அல்லவா? 2022 மார்கழியை நினைத்துப் பார். பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் வாங்கிய அதே வருடம். மன்டூஸ் புயல் எங்கள் மேல் ஏறவில்லை, வங்கக் கடலால் போய்த் தமிழ்நாட்டில் கரை கடந்தது. ஆனால் மழையும் விடாத காற்றும் இங்கே வந்தன. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் செத்தன. முதலில் ஏதோ நோய் என்று எல்லாரும் பயந்தோம், இறைச்சி கொண்டு போவதையும் நிறுத்தினார்கள். பிறகுதான் குளிர் என்று சொன்னார்கள். வெட்டவெளியில் பட்டியடைத்த மாடுகள், மேல் கூரை இல்லை. நான் பால் எடுத்த ஒரு வீட்டில் அந்த அம்மா கன்றைத் தன் சேலையால் சுற்றி அடுப்படியில் கிடத்தியிருந்தா. தாய் மாடு வெளியே, கால்கள் நீட்டியபடி. அன்று அந்த வீட்டில் நான் கானைத் திறக்கவில்லை. அதன் பிறகு வீடுகளில் ஒரு மாற்றம் நடந்தது: பட்டிக்குக் காற்று அடிக்கும் பக்கம் கிடுகோ தறப்பாளோ கட்டத் தொடங்கினார்கள். காற்றை மறித்தாலே பாதிக் குளிர் போய்விடும் என்பது என் சேட்டுக்குள் இருக்கும் பேப்பருக்கும் தெரியும்.

எம்.டி. 90 என்றதும் வேறொன்று ஞாபகம் வருகிறது. யுத்த காலத்தில் பெற்றோல் தடை இருந்தபோது உன் அப்பா அதை மண்ணெண்ணெயில் ஓட்டினாரே. சின்னப் போத்தலில் பெற்றோலை வைத்து, காபரேற்றருக்குள் இரண்டு துளி பீய்ச்சி, ஸ்ராட் பண்ணி, உடனே மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். மற்ற மாதங்களில் பரவாயில்லை. மார்கழி விடியலில் மண்ணெண்ணெய் ஆவியாகவே மாட்டாது. இன்ஜின் சூடேறுவதற்குள் நின்றுவிடும். இன்னும் இரண்டு துளி என்றால் உன் அப்பா போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார், எவ்வளவு மிச்சம் என்று. பிறகு நீயும் நானும் தள்ளுவோம், அவர் மேலே இருந்து 'இன்னும், இன்னும்' என்பார். பிடித்ததும் வெள்ளைப் புகை, அந்த மணம், கண் எரிவு. அவர் திரும்பிப் பாராமலே போய்விடுவார், நின்றால் மறுபடி தள்ள வேண்டுமே. ஜப்பானில் தபால்காரர் சிவப்பு நிறத்தில் ஓட்டிய வண்டியாம் அது. மண்ணெண்ணெயில் ஓடப்போகிறது என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். இன்றைக்கும் ஒன்றிரண்டு இங்கே ஓடுகின்றன, விற்கச் சொல்லிக் கேட்டால் வைத்திருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இப்போது மழை ஓய்ந்து பனி தொடங்கிவிட்டது. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று அம்மா சொல்லிக்கொண்டே காதைச் சுற்றித் துவாய் கட்டிக்கொள்கிறா. மழையைவிடப் பனி எனக்குப் பயம். ஏ9 றோட்டில் இரவு முழுக்க மாடுகள் படுத்திருக்கும். தார் பகல் சூட்டைக் கொஞ்சம் வைத்திருக்கும், நிலமும் ஈரமில்லை, அவைக்கு அது நல்ல இடம். எருமை என்றால் லைற் வெளிச்சத்தில் கண் மட்டும்தான் தெரியும், அதுவும் இந்தப் பக்கம் பார்த்தால்தான். பெரிய லைற்றைப் போட்டால் பனி வெள்ளைச் சுவராக எழும்பி நிற்கும், ஆகவே டிம்மில் முப்பதுக்கு மேல் போவதில்லை. ஹெல்மெட் கண்ணாடியின் உட்பக்கம் சவர்க்காரத்தைத் தேய்த்துத் துடைத்தால் மூச்சு படியாது. இதை நீயும் செய்து பார். ஒட்டுசுட்டான் பக்கம் யானையும் வரும். பனியில் முதலில் சாணி மணம், பிறகு கிளை முறியும் சத்தம். இன்ஜினை நிறுத்திவிட்டு நிற்பதுதான் வழி.

உன் பக்கத்து ஆபத்து எனக்குப் புரியவில்லை. ஈரம் மாதிரித் தெரியும், ஆனால் ஐஸ் என்கிறாய். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாதென்றால் எப்படி ஓட்டுகிறாய்? பாலத்தின் மேலும் மர நிழலிலும் கடைசிவரை உருகாது என்று எழுதியிருந்தாய், அந்த இடங்களிலாவது இறங்கித் தள்ளிக்கொண்டு போ, வெட்கப்படாதே. றோட்டுக்கு உப்புப் போடுகிறார்கள், அது செயினைத் தின்கிறது என்ற செய்திதான் எங்கள் வீட்டில் பெரிய பேச்சு. இங்கே ஆனையிறவில் வெயிலில் காய்ந்து உப்பு எடுக்கிறார்கள், அங்கே நீங்கள் உப்பை லொறியில் கொண்டு போய்த் தெருவில் கொட்டுகிறீர்கள். வேலை முடிந்து வந்ததும் சுடுதண்ணீரால் கழுவாதே, கராஜ்காரர் சொல்கிறார், சூட்டில் உப்பு இன்னும் வேகமாகத் தின்னுமாம். பச்சைத் தண்ணீரால் கழுவி, துடைத்து, எண்ணெய் விடு.

அப்புறம், திருவெம்பாவைக்கு இந்த முறை நன்றாகச் சனம். விடிய சங்கும் சேமக்கலமும் கேட்கத் தொடங்கும்போது நான் பாதி வழியில் இருப்பேன். தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் ஒரு நாள் கையில் சுடச்சுடச் சுண்டலைத் தந்தார்கள், சொப்பிங் பையைக் கழற்றாமலே வாங்கினேன். வயலெல்லாம் பச்சை, கதிர் தள்ளிவிட்டது. மாசியில் வெட்டு. அறுத்தால் பாதி றோட்டில் நெல் காயப்போடுவார்கள், அது எனக்கு அடுத்த தலையிடி.

அடுத்த வருடம் வருவதென்றால் தையில் வா. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நின்று தேங்காய் அடித்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு வரலாம். வாகனம் என்னுடையது இருக்கிறது, நீ முன்னால் இரு. ஜக்கெற் கொண்டு வரத் தேவையில்லை என்று நீ நினைத்தால், எனக்கு எழுதாமல் அப்படியே வா. அந்த ஹாண்டிலோடு கட்டிவிடுகிற பெரிய கை உறை என்று ஒன்றைப் படத்தில் காட்டினாயே, மின்சாரம் இல்லாதது, அதில் ஒரு சோடி மட்டும் கொண்டு வா. காசு தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பள்ளிக்கூட வாங்குக்காரன்