டண்டாஸ் தூணின் கீழே ஜோசப் நைட்டின் பெயரையும் எழுதுங்கள்

எடின்பரோ மாநகர மன்றத்தாருக்கு,

வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து உங்கள் ஊரில் குடியிருப்பவன். செயின்ட் ஆண்ட்ரூ சதுக்கத்தைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போகிறேன். கிட்டத்தட்ட 150 அடி உயரத் தூணின் உச்சியில் சிலையாக நிற்கும் 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியல்வாதி ஹென்றி டண்டாஸின் முகம் கீழிருந்து பார்த்தால் தெரியாது. அவரைப் பற்றி நீங்கள் வைத்த பலகை தெரியும். 2021இல் வைத்தீர்கள், 2023இல் சிலர் கழற்றிவிட்டார்கள், 2024இல் மறுபடி பொருத்தினீர்கள். பொருத்தியது சரி. 1792இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அடிமை வணிகத்தை நிறுத்தும் தீர்மானத்தில் 'படிப்படியாக' என்ற ஒரு சொல்லைச் செருகியவர் அவர். வணிகம் நின்றது 1807இல்தான். அதைப் பலகை சொல்கிறது. அவர் எந்த வீட்டிலிருந்து வந்தார் என்பதைச் சொல்லவில்லை.

அவருடைய குடும்பமான ஆர்னிஸ்டன் டண்டாஸ்கள் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றத்தைத் தங்கள் வீட்டுத் திண்ணைபோல வைத்திருந்தவர்கள். கொள்ளுத்தாத்தா ஜேம்ஸ் நீதிபதி, தாத்தா ராபர்ட் நீதிபதி. தந்தை ராபர்ட்டும் அண்ணன் ராபர்ட்டும் ஸ்காட்லாந்தின் உச்ச சிவில் நீதிமன்றத்துக்கே தலைவர்கள். ஹென்றி 24 வயதில் அரசின் துணைத் தலைமை வழக்கறிஞர் ஆகிவிட்டார். 1793இல் பாராளுமன்றச் சீர்திருத்தம் கேட்ட தாமஸ் மியூரை 14 ஆண்டு நாடு கடத்தும் தண்டனைக்கு உள்ளாக்கிய வழக்கை நடத்தியது அண்ணன் மகன். அப்போது உள்துறை அமைச்சர் சித்தப்பா. முறையிட வேண்டுமென்றால் யாரிடம் போவது?

இந்த வீட்டின் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொள்வது 1778 ஜனவரி. ஜமைக்காவில் சிறுவனாக விலைக்கு வாங்கப்பட்டு, ஜான் வெடர்பர்னால் ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டவர் ஜோசப் நைட். அதே வீட்டில் வேலை பார்த்த ஆன் தாம்சனை மணந்தார். மனைவியோடு தனியாக வாழப் புறப்பட்டவரைப் பிடித்து நிறுத்தினார்கள். அவர் வழக்காடினார். பெர்த்தில் தொடங்கிய வழக்கு இந்த ஊரில் அந்த உச்ச நீதிமன்றம் கூடும் பார்லிமென்ட் ஹவுஸ் வரை வந்தது. அங்கே நைட்டுக்காக வாதாடியவர்களில் ஒருவர் ஹென்றி டண்டாஸ். நடுவே தலைமை ஆசனத்தில் அவருடைய அண்ணன். எட்டு நீதிபதிகளுக்கு நான்கு நீதிபதிகள் என்ற கணக்கில் நைட் வென்றார். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் அடிமைத்தனத்துக்கு இடமில்லை என்று தீர்ப்பானது. நைட்டுக்கு எதிராக நின்று தோற்ற நால்வரில் அண்ணனும் ஒருவர்.

ஹென்றியின் வாதத்தைக் காட்டி 1792ஐ மன்னிக்கச் சொல்பவர்கள் உண்டு. என்னால் முடியவில்லை. எது நியாயம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தும்தான் அந்தச் சொல்லைச் செருகினார். 1799இல் எங்கள் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டபோது, கம்பெனியின் இந்திய ஆட்சியைக் கண்காணித்த வாரியத்தின் தலைவராக லண்டனில் இருந்தவரும் இவர்தான்.

என் கோரிக்கை ஒன்றே. தூணை இடிக்கச் சொல்லவில்லை. அடுத்த முறை பலகையைத் திருத்தும்போது அந்த வழக்கைச் சேருங்கள், அண்ணனும் தம்பியும் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதோடு. ஜோசப் நைட், ஆன் தாம்சன் என்ற இரண்டு பெயர்களையும், கழுத்தை அண்ணாந்து பார்க்காமலே படிக்கும் உயரத்தில் பொறியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்வாசி ஒருவன்