ரீகா இசைக்கடைத் தாத்தாவுக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய பவுல் நெல்ட்னர் தாத்தா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பேரன், ஜெர்மன் நகைச்சுவைக் கலைஞர் ஹைன்ஸ் எர்ஹார்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் உங்களுக்கு எப்போதும் ஒரே வேடத்தைத்தான் கொடுக்கிறார்கள்: பியானோக் கலைஞனாக ஆசைப்பட்ட பையனைப் பிடித்து வியாபாரத்தில் தள்ளிய தாத்தா. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஜெர்மனியே கொண்டாடிய மனிதர்தான், ஆனாலும் உங்கள் முன்னால் 'அவன்' என்றே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1909 பிப்ரவரி 20 அன்று, இன்றைய லாட்வியாவின் ரீகாவில் பிறந்தான். கொஞ்ச நாளிலேயே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட, வளர்க்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தது. பியானோவில் விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே! இதைச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே உங்களை வில்லனாக்குவது என்ன நியாயம்?

அப்பா குஸ்ட்ல் இசைக்குழு நடத்துநர். இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு இன்னோர் ஊர். முதல் உலகப்போர் முடிந்ததும் பையனை ஜெர்மனிக்குக் கூட்டிப்போனார். அங்கே 15 பள்ளிக்கூடம் மாறினானாம். படிப்பு எப்படி ஏறும்? 1924-இல் உங்களிடமே வந்து சேர்ந்தான். மேடைப் பிழைப்பு ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்று மருமகன் மூலம் பார்த்துவிட்டவர் நீங்கள். பேரனாவது ஒரு கடையைப் பிடித்துக்கொண்டு நிலையாக இருக்கட்டும் என்று நினைத்தது குற்றமா?

லைப்சிக்கில் 1926 முதல் 1928 வரை வியாபாரம் பழகினான், இசையும் படித்தான். ரீகாவுக்குத் திரும்பிய பிறகு உங்கள் கடையில் வேலை. காபிக் கடைகளில் தானே எழுதி மெட்டமைத்த பாட்டுகள். வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்தே மனசைப் படிக்கிற வித்தையை அவனுக்குக் கல்லூரி கற்றுக்கொடுத்திருக்காது, உங்கள் கடைதான் கொடுத்திருக்கும் என்பது என் கட்சி. 1935-இல் கில்டாவைக் கட்டிக்கொண்டான்.

1938-இல் வில்லி ஷெஃபர்ஸ், தான் நடத்திவந்த பெர்லினின் 'நகைச்சுவைக் கலைஞர்களின் கபரே' என்ற நகைச்சுவை, பாட்டு அரங்குக்கு அவனை அழைத்தார். பெரிய வாய்ப்புதான். ஆனால் அந்த அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான குர்ட் ரோபிட்ஷெக், யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் நாட்டைவிட்டே ஓட வேண்டியிருந்தது. இன்னொருவரான பவுல் மோர்கன் அதே 1938-இல் புகென்வால்ட் வதைமுகாமில் இறந்தார். அவர்கள் இல்லாத மேடையில்தான் உங்கள் பேரன் ஏறினான். வாழ்க்கைக் குறிப்புகள் இதை ஒரே வரியில் தாண்டிப்போவது எனக்கு உறுத்துகிறது.

போரில் கடற்படை அவனை எடுத்துக்கொண்டது. நீச்சல் தெரியாது, கண்ணாடி வேறு! நல்லவேளை, இசைக்குழுவில் போட்டார்கள். பிறகு ஹாம்பர்க், வானொலி, 1950-களில் வரிசையாகப் படங்கள்.

மேடையில் அவன் செய்ததைச் சொல்ல வேண்டும். குண்டு உடம்பு, தடித்த சட்டமிட்ட கண்ணாடி. ஒரு வாக்கியத்தைத் தொடங்குவான், பாதியில் வழி தவறுவான், அசடு வழிவான். "இன்னொரு கவிதை" என்று அறிவிப்பான், அதற்கே சிரிப்பு தொடங்கிவிடும். அவனுடைய பிரபலமான கவிதை ஒன்றில் மரப்பட்டைக்குள் ஒரு விதவைப் புழு, குழந்தையோடு குடியிருக்கிறது. புருஷன் இலையிலிருந்து விழுந்து எறும்புக்கு இரையானவன். வெளியே கிளம்பும் தாய், வீட்டைவிட்டு நகராதே என்று எச்சரித்துவிட்டுப் போகிறாள். பிள்ளை கேட்கவில்லை, மரங்கொத்தி கொத்திக்கொண்டு போய்விடுகிறது. அப்பன் இல்லாத பிள்ளை, வெளியே போகாதே என்கிற பெரியவர்... படித்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. அவன் மனசில் என்ன இருந்ததோ!

1971 டிசம்பரில் பக்கவாதம் வந்து பேச்சைப் பறித்துக்கொண்டது. 1979 ஜூன் 5 அன்று ஹாம்பர்க்கில் காலமானான். அதே ஆண்டு, 70-ஆவது பிறந்தநாளை ஒட்டி, அவன் முன்பு எழுதிவைத்திருந்த வேடிக்கை ஓபராவை மகன் கேரோ தொலைக்காட்சிக்காக எடுத்தார். அதில் அவன் வாய்திறக்காமல் நடித்தான். குரலுக்குப் பழைய ஒலிப்பதிவுகள். உங்களுக்குக் கொள்ளுப்பேரன் அவர். நீங்கள் பயந்த அதே தொழிலுக்குத்தான் அவரும் போனார், தாத்தா.

அன்புடன்,
ஒரு ரசிகன்